தனியாளாக ஒன்றரை நிமிடச் சிரிப்புப் படம்: ஒரு தூக்குச்சட்டியை வைத்துச் சொல்கிறேன்

நான் திருச்சியில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கார்ட்டூன் படங்கள் செய்கிறவள். எழுதுவது, வரைவது, அசைப்பது, சத்தம் சேர்ப்பது எல்லாம் நானேதான். குரலுக்கு மட்டும் அத்தையும் எதிர்வீட்டு அக்காவும் வருவார்கள். இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த மென்பொருள், கணினியில் வரைய எந்த டேப்லெட் (பேனாவால் வரையும் பலகை) என்றுதான். கிரீட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டருக்குள் இருக்கும் கிரீஸ் பென்சில் மூன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. உங்கள் கணினியில் எது திணறாமல் ஓடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில்லாத சின்ன டேப்லெட் போதும். சிரிப்பு எந்த இடத்தில், எத்தனை ஃபிரேமில் (திரையில் வரிசையாக ஓடும் தனித்தனிப் படங்களில்) விழுகிறது என்பதற்குத்தான் நிறைய நேரம் செலவாகும். என் படம் ஒன்றை வைத்தே அதைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அப்படியென்றால் அந்தப் பாத்திரம் என்றைக்குத்தான் ஓர் இடத்தில் நிற்கும்? இந்தக் கேள்விதான் படம். கதைக்கரு தேடும்போது, ஒரு வழக்கத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் மனிதர்களைக் கவனியுங்கள். என் கதையில் தூக்குச்சட்டியை மாறி மாறி அனுப்பிக்கொள்ளும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரும் ஒரு கணம்கூட வேடிக்கை செய்யவில்லை. ரெண்டு பேரும் மரியாதையைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். அவர்கள் எவ்வளவு மனதார அதைச் செய்கிறார்களோ அவ்வளவு சிரிப்பு வரும்.

முதல் எழுத்தில் தூக்குச்சட்டி பதினொரு தடவை போய்வந்தது. நாலு தடவைதான் கடைசியில் தங்கியது. முதல் தடவை புளியோதரை போகிறது, பணியாரம் வருகிறது: வழக்கம் பார்வையாளருக்குப் புரிந்துவிட்டது. ரெண்டாவது தடவை அதையே பாதி நேரத்தில் காட்டினேன். மூன்றாவது தடவை ஏதாவது உடைய வேண்டும். காலையில் இந்த வீட்டிலிருந்து போன அதிரசமே மாலையில் இங்கேயே திரும்பி வருகிறது. நாலாவதில் தூக்குச்சட்டிக்குப் பதில் அண்டா. ஒரே ஏற்றத்தைப் பதினொரு படியாக வெட்டினால் ஒவ்வொரு படியும் சின்னதாகி, ஏறுவதே தெரியாமல் போய்விடும். நாலில் ஒவ்வொன்றும் உயரமான படி.

வரைவதற்கு முன்னால் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். படத்தை முடித்துவிட்டுக் குரல் சேர்த்தால், பேசுகிறவர் உங்கள் வரைபடத்துக்குப் பின்னால் ஓடவேண்டியிருக்கும், அந்த ஓட்டம் குரலில் கேட்கும். எனக்கு ஸ்டுடியோ கிடையாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்துப் பேசச் சொல்வேன், எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜின் பிளக்கையும் அரைமணி நேரம் பிடுங்கிவிடுவேன். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு. வசனத்தாளை அத்தை கையில் கொடுப்பதில்லை. "பாத்திரத்தைக் கழுவிட்டீங்க, உள்ளே போட ஒண்ணுமே இல்ல, பொண்ணு அப்படியே எடுத்துட்டுக் கிளம்புது" என்று நிலைமையை மட்டும் சொன்னேன். "அய்யய்யோ..." என்று இழுத்து, ஒரு மூச்சு வாங்கி, "வெறும் பாத்திரத்தையா கொடுக்கிறது?" என்றார். நான் எழுதிய வசனத்தில் அந்த மூச்சு இல்லை. சத்தச் சுத்திகரிப்பு செய்யும்போது மூச்சுகளை வெட்டிவிடாதீர்கள். கதாபாத்திரத்தின் தோள் எப்போது உயரவேண்டும் என்று மூச்சுதான் சொல்லும்.

குரல் கையில் வந்ததும் அனிமேட்டிக். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கிறுக்கல் வரைந்து, குரலோடு சேர்த்து முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். எனக்கு நாற்பது கிறுக்கல் வந்தது. குச்சி மனிதர்களாக இருக்கும்போதே நாலு பேர் சிரித்தால்தான் மேற்கொண்டு வரைவேன். வண்ணம் அடித்தபின் சிரிப்பு வரும் என்று நம்பிப் போன காட்சி எதுவும் எனக்குக் கைகொடுத்ததில்லை.

சரி, அந்த அதிரசக் காட்சி. கணவர் மூடியைத் திறக்கிறார். உள்ளே அதிரசம். மேலே இருக்கும் அதிரசத்தில் ஓரத்தில் ஒரு கடி. காலையில் மனைவிக்குத் தெரியாமல் அவரே கடித்தது. இனி அவர் முகம் எத்தனை ஃபிரேம் நிற்கவேண்டும்? ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். முதலில் 12 வைத்தேன், அரை வினாடி. அத்தை கடித்த ஓரத்தையே பார்க்கவில்லை. 24 வைத்தேன். பார்த்தார், சிரிக்கவில்லை. 40 வைத்து, 26ஆவது ஃபிரேமில் ஒரு கண்சிமிட்டலைச் சேர்த்தேன். அத்தை மடியில் இருந்த கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். காரணம் இதுதான்: பார்க்கிறவர் முதலில் கடியைப் பார்க்கவேண்டும், அப்புறம் அது யார் கடித்தது என்று நினைவுக்குக் கொண்டுவரவேண்டும், அதற்கப்புறம் இந்த மனிதர் இப்போது என்ன நினைப்பார் என்று போகவேண்டும். மூன்றுக்கும் நேரம் வேண்டும். கண்சிமிட்டல் வரும் இடம், அவருக்கே விஷயம் உறைக்கும் இடம். அது முன்னால் வந்தால் பார்வையாளரை முந்திக்கொள்கிறார், பின்னால் வந்தால் பார்வையாளர் காத்திருந்து சலித்துவிடுகிறார்.

நிறுத்தத்தில் ஒரு ஆபத்து உண்டு. படம் அப்படியே உறைந்தால் வீடியோ நின்றுவிட்டது என்று நினைத்துப் போனைத் தட்டுவார்கள். அதனால் அதே முகத்தை மூன்று தடவை மேலே மேலே வரைந்து சுழலவிடுங்கள், கோடு லேசாகத் துடிக்கும். சத்தத்தையும் நிறுத்தாதீர்கள். நான் சுவர்க்கடிகாரத்தை மட்டும் ஓடவிட்டேன்.

நிறுத்தம்தான் தனியாளைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு ஓவியத்தையும் ரெண்டு ஃபிரேம் பிடித்தாலே ஒன்றரை நிமிடத்துக்கு 1,080 ஓவியம் வேண்டும். நிறுத்தங்களை நம்பினதால் பாதிக்கும் குறைவாக வரைந்து முடித்தேன். மிச்சமான உழைப்பை, தூக்குச்சட்டி கைநழுவி விழும் ஒரே இடத்தில் கொட்டினேன். அங்கே மட்டும் ஃபிரேமுக்கு ஓர் ஓவியம்.

அடுத்தது வாயசைப்பு. ஆங்கிலத்துக்குப் போட்ட வாய்ப் படங்களை வைத்துத் தமிழுக்கு அசைத்தால் ஏதோ டப்பிங் படம் மாதிரி இருக்கும். எழுத்தைப் பார்த்து அசைத்தாலும் தவறும். "இது யாரு பாத்திரம்?" என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி 'ம்'முக்கு உதடு மூடுவதில்லை, ஒலி மூக்கில் ஏறி வாய் திறந்தே நிற்கிறது. கண்ணாடி முன்னால் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். ஆனால் "வெறும் பாத்திரம்" என்னும்போது 'வெறும்' முடிவில் உதடு நன்றாக மூடும், ஏனென்றால் அடுத்து 'பா' காத்திருக்கிறது. "அப்பா"வில் 'ப்ப'வுக்கு உதட்டை மூன்று நாலு ஃபிரேம் மூடியே வையுங்கள். ஒரே ஃபிரேமில் மூடித் திறந்தால் அந்த அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. மூடின உதடு, 'ஆ', 'ஈ', 'ஊ', நடுத்தரமாகத் திறந்தது, மூக்கொலிக்கான தளர்ந்த வாய் என்று ஆறு வாய் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வாயை ஒலிக்கு ரெண்டு ஃபிரேம் முன்னால் வைக்கிறேன். அப்போதுதான் இயல்பாகப் பொருந்துகிறது.

சத்தங்களை வீட்டிலேயே எடுங்கள். எவர்சில்வர் மூடி தரையில் சுழன்று அடங்கும் சத்தம், அதுவே பித்தளையாக இருந்தால் எவ்வளவு கனமாக மாறுகிறது என்று கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் எவர்சில்வர் மூடியின் சுழற்சியை வெட்டாமல் ரெண்டு கணவர்களின் முகத்தின்மேல் முழுதாக ஓடவிட்டேன். இசைக்கு சினிமாப் பாட்டைத் தொடாதீர்கள். பத்து வினாடிவரை போட்டால் தப்பில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை.

அதே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை உங்கள் பக்கத்திலிருந்தும் படித்து வையுங்கள். என் கதாபாத்திரம் ஒன்றை ஒரு நிறுவனம் தீபாவளி விளம்பரத்துக்குக் கேட்டது. ஒரு பண்டிகைக்குத்தான் என்று வாய்ப்பேச்சு. உரிமையை எழுதிக் கொடுத்த ஒற்றைத் தாளில் காலம் குறிப்பிடாமல் கையெழுத்துப் போட்டேன். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும். அடுத்தடுத்த பொங்கலுக்கும் என் கதாபாத்திரம் அவர்கள் சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்தது. மிகவும் வலித்தது. இப்போது எந்தக் கதாபாத்திரம், எந்தப் பயன்பாடு, எத்தனை மாதம், எந்த ஊடகம், எவ்வளவு தொகை என்று எழுதாமல் பேனாவைத் திறப்பதில்லை.

யூட்யூபில் ஏற்றும்போது "குழந்தைகளுக்கானதா?" என்ற கேள்வி வரும். கார்ட்டூன் என்பதற்காக யோசிக்காமல் ஆம் என்று தட்டிவிடாதீர்கள். ஆம் என்றால் கருத்துரைகள் மூடப்படும், விருப்பம் பார்த்துக் காட்டும் விளம்பரங்களும் நின்றுவிடும். பெரியவர்களை நினைத்துச் செய்த படம் என்றால் அதை உள்ளபடி சொல்லுங்கள். குழந்தைகளுக்காகவே செய்தது என்றால் அதையும் உள்ளபடி. தமிழ் வசன வரிகளை நீங்களே தட்டச்சு செய்து சேருங்கள், பேருந்தில் சத்தமில்லாமல் பார்க்கிறவர்கள் நிறைய.

கடைசிக் காட்சியை எப்படிப் பிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ரெண்டு கணவர்களும் ராத்திரியில் சேர்ந்துபோய்த் தூக்குச்சட்டியைப் பாழுங்கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். இதோடு முடித்திருந்தேன். சப்பென்று இருந்தது. ரெண்டு வாரம் கழித்துப் பாத்திரம் துலக்கும்போது அத்தையின் எவர்சில்வர் தட்டில் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்த தாத்தா பெயர் விரலில் தட்டுப்பட்டது. ஈரக்கையோடு மாடிக்கு ஓடினேன். விடிகாலையில் கதவு தட்டப்படுகிறது. யாரென்றே தெரியாத ஒரு பாட்டி, கையில் அதே தூக்குச்சட்டி. "உங்க பேர் வெட்டியிருந்துச்சு தாயி. வெறும் பாத்திரத்தைக் குடுக்கக் கூடாதுன்னு ரெண்டு கொழுக்கட்டை வச்சிருக்கேன்." அந்தக் கணவரின் முகத்துக்கு 52 ஃபிரேம் கொடுத்தேன். கண்சிமிட்டல் வைக்கவில்லை.