சிம்பையில் தொகையிடல்: தொடங்குபவர்களுக்கு

தொகையிடலைக் கையால் போட்டுப் பழகியவர்களுக்கு, விடையைச் சரிபார்க்க ஒரு நல்ல துணை பைத்தான் நிரல்மொழியின் சிம்பை நூலகம். இலவசம். தசம எண்ணாக அல்லாமல், சூத்திரமாகவே விடை தரும். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து; ரேஷனல், ட்ரூ இரண்டுக்கும் மட்டும் முதலெழுத்து பெரிய எழுத்து.

முதலில் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) 'பிப் இன்ஸ்டால் சிம்பை'. பிறகு பைத்தானைத் திறந்து சிம்பையில் உள்ள எல்லாவற்றையும் இம்போர்ட் செய்யுங்கள்: 'ஃப்ரம் சிம்பை இம்போர்ட் *'.

அடுத்து மாறியை அறிவிக்க வேண்டும்:

ப = சிம்பல்ஸ்('ப')

பைத்தான் 3 தமிழ் எழுத்தையும் மாறிப் பெயராக ஏற்கும். இந்த வரியை விட்டுவிட்டால் 'ப' என்னவென்றே தெரியாது என்று பிழை வரும்.

இப்போது கணக்கு:

இன்டெக்ரேட்(ப*எக்ஸ்ப்(ப), ப)

விடை: (ப - 1)*எக்ஸ்ப்(ப). பகுதித் தொகையிடலில் நாம் பெறுவதும் இதுவே. ஆனால் தொகையிடல் மாறிலியைச் சிம்பை சேர்க்காது; தேர்வுத்தாளில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

விடை வந்ததும் அதை டிஃப் கொண்டு வகையிட்டு, கொடுத்த சார்பைக் கழித்து, சிம்ப்ளிஃபை செய்யுங்கள். பூஜ்யம் வந்தால் சரி. இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைகள் இருந்தால் மாறியையும் இரு எல்லைகளையும் ஒரே அடைப்புக்குள் தர வேண்டும். முடிவிலிக்கு இரண்டு 'ஓ':

இன்டெக்ரேட்(எக்ஸ்ப்(-ப**2), (ப, -ஓஓ, ஓஓ))

விடை பை (π) என்ற எண்ணின் வர்க்கமூலம். அடுக்குக்கு இரட்டை நட்சத்திரம் என்பதைக் கவனித்தீர்களா? பின்னத்திலும் கவனம் தேவை: 1/3 என்று எழுதினால் பைத்தான் அதை உடனே தசமமாக்கிவிடும். ரேஷனல்(1, 3) என்று எழுதுங்கள்.

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். எக்ஸ்ப்(-க*ப) என்பதை 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால், நிபந்தனைகளோடு நீளமான விடை வரும். சிம்பையின் மேல் குற்றமில்லை; 'க' மிகை எண் என்று நாம் சொல்லவில்லை, 'க' குறை எண்ணானால் அந்தத் தொகையீடு விரிந்துபோகும். சிம்பல்ஸ்('க', பாசிட்டிவ்=ட்ரூ) என்று அறிவித்துவிட்டால் 1/க என்று சுருக்கமாக முடியும்.

ப**ப போன்றவற்றைக் கொடுத்தால் கேள்வியே விடையாகத் திரும்பும். அதற்குரிய சூத்திரத்தைச் சிம்பை காணவில்லை என்று பொருள். 0, 1 என எல்லை கொடுத்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்து 'ஈவால்எஃப்()' சேருங்கள், 0.7834 என்று தொடங்கும் எண் கிடைக்கும்.