பதிப்பகப் பயிற்சியில் மெய்ப்பும் செம்மையும் கற்பது எப்படி?

தமிழ்ப் பதிப்பகத்தில் பயிற்சிக்குச் சேர அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்கள் நல்லவை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வந்துவிடும் என்பதால் புதிய நூல்களின் மெய்ப்புகள், அதாவது அச்சுக்குமுன் பிழை பார்க்க எடுக்கும் படிகள், இந்த மாதங்களில்தான் குவியும். உட்காரவைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. ஆனாலும் வேலையிலிருந்தே கற்றுக்கொள்ள வழி இருக்கிறது.

சேர்ந்த அன்றே ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் திருத்திய மெய்ப்பை மூத்த ஆசிரியர் பார்த்து முடித்ததும், அது உங்கள் கைக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டும். கேட்காவிட்டால் அது நேராக லேஅவுட் செய்பவரிடம் போகும், திருத்தம் ஏறியதும் பழைய தாளோடு சேர்ந்துவிடும். எழுத்தாளர் தந்த பிரதி, உங்கள் திருத்தம், மூத்தவரின் திருத்தம் மூன்றையும் அருகருகே வைத்து, நீங்கள் கவனிக்காமல் விட்டவை, தவறாகத் திருத்தியவை, தேவையில்லாமல் திருத்தியவை என்று மூன்று பட்டியல் போடுங்கள். முதல் இரண்டும் பழக்கத்தில் குறையும். மூன்றாவதைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். நெல்லைப் பாத்திரம் ஒன்று “அவிய சொன்னாவ” என்று பேசினால், அதை “அவர்கள் சொன்னார்கள்” ஆக்குவது திருத்தமல்ல, சேதம்.

ஒரு மெய்ப்பை மூன்று முறை படியுங்கள். முதல் முறை பேனா இல்லாமல், பொருளுக்காக. இரண்டாம் முறை மூலப் பிரதியோடு ஒப்பிட்டு. இதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் நிறுத்தற்குறிகளையும் சேர்த்து உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். விடுபட்ட வரி இதில்தான் அகப்படும், ஏனென்றால் தனியாகப் படிக்கும்போது பொருள் ஓரளவு பொருந்திவிட்டால் கண் தாண்டிப் போய்விடும். மூன்றாம் முறை தலைப்புகள், பக்க எண்கள், பெயர்கள், ஆண்டுகள் மட்டும்.

இரு சொற்களுக்கு இடையே க், ச், த், ப் போடுவதிலும் விடுவதிலும் வருவது ஒற்றுப் பிழை. இதில் எல்லா விதிகளையும் முதல் வாரமே மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஒற்று மிகும் நான்கு இடங்கள் முதலில் கைவரட்டும்: கதையைப் படித்தான், கடைக்குப் போனான், அந்தப் பெட்டி, எடுத்துக் கொடுத்தான். கூடவே ஒற்று மிகக்கூடாத இரண்டு: படித்த புத்தகம், வந்து பார்த்தான். புதியவர்கள் ஒற்றை விடுவதைப் போலவே வேண்டாத இடத்தில் போடுவதும் உண்டு. “தந்த பலகை” யாரோ கொடுத்தது, “தந்தப் பலகை” யானைத் தந்தத்தால் ஆனது. இப்படிப் பொருள் மாறும் இடங்களைத் தனியே குறித்துவையுங்கள். சொல்வடிவத்துக்கும் காரணம் தேடுங்கள்: வயிறு என்பதால் வயிற்றில், சுவர் என்பதால் சுவரில், சுவற்றில் அல்ல.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா என்பதில் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கு மாறும். எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று பதிப்பகம் வகுத்துவைத்த நடைக்கையேடு இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த நூலுக்கென்று ஒரு பக்கத் தாளில் நீங்களே எழுதத் தொடங்குங்கள். 30ஆம் பக்கத்தில் ஒன்றும் 90ஆம் பக்கத்தில் வேறொன்றும் இருப்பதுதான் உண்மையான பிழை.

கணினியால் வரும் பிழைகள் வேறு வகை. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் தனி ளகரமும் உட்கார்ந்திருக்கலாம். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும், ஆனால் கணினியில் தேடினால் சொல் கிடைக்காது. துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுவதும் இப்படித்தான். இந்தப் பிழை வடிவத்தையே தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அழுத்தினால் தெளிவு, வெள்ளம் எல்லாம் சிதைந்துபோகும், அவற்றில் எகரக் கொம்பும் ளகரமும் சரியாகவே இருக்கின்றன.

கடைசி மெய்ப்பில் கை அடக்கமாக இருக்கட்டும். ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதிதான் பாரம். 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்கிட்டால் 224 பக்க நூல் சரியாக 14 பாரம். ஒரு பத்தியில் இரண்டு சொல் கூடி ஒரு வரி நீண்டால், அடுத்தடுத்த பக்கங்கள் நகர்ந்து பொருளடக்க எண்கள் பொய்யாகும், இயல் முடிவில் இடமில்லையென்றால் பக்கமே கூடும். நீக்கிய சொல்லின் நீளத்துக்கே புதிய சொல் தேடுங்கள்.

எழுதிப் பழக, கைக்கு வரும் ஒவ்வொரு நூலுக்கும் 80 சொற்களில் பின்னட்டைக் குறிப்பு எழுதி, பதிப்பகம் அச்சிட்டதோடு ஒப்பிடுங்கள். நூலின் பெயரை மறைத்துப் படித்தால் வேறொரு நூலுக்கும் பொருந்துகிறதா? அப்படியானால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ‘அற்புதமான’, ‘தவிர்க்க முடியாத’ இரண்டையும் எடுத்தாலே பாதி சரியாகும்.

எழுத்தாளருக்கு ஐயம் எழுதுவதும் பயிற்சிதான். பக்கம், வரி, உள்ளது, கேள்வி என்று சுருக்கமாக: “பக்கம் 47, வரி 12: திருமணம் 1956 என்று உள்ளது. பக்கம் 112இல் அதே திருமணம் 1957. எதை வைத்துக்கொள்ளலாம் ஐயா?” பதில் வரும்வரை அந்த வரியைத் தொடாதீர்கள், விளிம்பில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவையுங்கள்.