மூன்றாம் ஆண்டில் நகராத ஆய்வேடு

பிஎச்.டி.யில் மூன்றாம் ஆண்டுதான் சிக்கல். கோர்ஸ்வொர்க் (தொடக்கத்தில் படிக்கும் பாடங்கள்) முடிந்திருக்கும், சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கம்) தூரத்தில் இருக்கும், நடுவில் "இதை யார் படிக்கப் போகிறார்கள்?" என்ற கேள்வி வந்து உட்காரும். எனக்கு அது பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மேல்தான் வந்தது, காலையில் வந்ததே இல்லை. அதைக் கவனித்ததும் முதல் விதி கிடைத்தது: இரவில் ஆய்வைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை.

எழுத்து நின்றதற்குக் காரணம் சோம்பல் அல்ல, வேலையின் அளவு. "இரண்டாம் இயலை முடி" என்று குறித்து வைத்தால் கை ஓடாது. "அட்டவணை 2.3-க்குக் கீழே நான்கு வரி விளக்கம்" என்றால் ஓடும். 25 நிமிடம் டைமர், 5 நிமிடம் நடை, காலையில் நான்கு சுற்று. நிறுத்தும்போது கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட வேண்டும். மறுநாள் தொடங்க அது போதும். போன் வேறு அறையில். கவிழ்த்து வைப்பதெல்லாம் ஏமாற்று.

கைடுக்கு "டிராஃப்ட் பாருங்க சார்" என்று முழு இயலையும் அனுப்பினால் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒரே கேள்வியும் அனுப்பினால் ("மாதிரி அளவு 120 போதுமா?") பெரும்பாலும் பதில் வரும்.

அர்த்தம் பற்றிய கேள்விக்கு டைமர் உதவாது. துறைக்கு வெளியே உள்ள ஒருவருக்கு ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல்லிப் பார்த்ததுதான் உதவியது. திக்கிய இடத்தில்தான் ஆய்வேட்டிலும் ஓட்டை இருந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.