தலைநகர்ச் சுற்றுலாவையும் மாணவர் சாதனைகளையும் இணைத்துத் திட்டமிடுதல்

தொடக்கப்பள்ளி வகுப்பு ஒன்றைத் தலைநகருக்கு அழைத்துச் செல்லும் பேச்சு எழுந்தவுடன், நல்ல மதிப்பெண் எடுத்தவர்களையும் போட்டிகளில் வென்றவர்களையும் மட்டும் அழைத்துச் செல்லலாம் என்ற யோசனை யாரிடமிருந்தாவது வந்துவிடும். அதை முதல் கூட்டத்திலேயே மறுத்துவிடுவது நல்லது. சுற்றுலா முழு வகுப்புக்கும் உரியது. சாதனைகளைப் பாராட்டுவதற்கு அந்தச் சுற்றுலாவே புதிய வாய்ப்புகளை உண்டாக்கித் தரும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே கொடுத்தார்கள். பின்னர் வகுப்பில் யாரும் சொல்லாமலே வரைய வாய்ப்புக் கிடைத்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. ஆகவே, தலைநகரைத் தூண்டில் இரையாகக் காட்டிப் படிக்க வைப்பதைக் காட்டிலும், செய்து முடித்த வேலையைப் பின்னர் கவனித்துப் பாராட்டுவதே குழந்தையின் ஆர்வத்தைக் காக்கும்.

சுற்றுலாவின் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதையும் கருத வேண்டும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகத்துக்கு வர விண்ணப்பித்த பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். சென்று வந்த மாணவர்கள், முன்பின் பார்த்திராத ஓர் ஓவியத்தைப் பற்றிக் கூடுதல் நுணுக்கத்தோடு எழுதினார்கள்; கிராமப்புற மாணவர்களிடமும் வசதி குறைந்த பள்ளிகளின் மாணவர்களிடமும் அந்த முன்னேற்றம் இன்னும் அதிகமாக இருந்தது. வீட்டார் அழைத்துச் சென்று காட்ட வழியில்லாத குழந்தையை மதிப்பெண்ணைக் காரணம் காட்டி விட்டுச் செல்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதிலிருந்து புலனாகும்.

இனி இடத் தேர்வு. நாடாளுமன்றம், அருங்காட்சியகம், நினைவுச் சின்னம், அறிவியல் மையம், விலங்கியல் பூங்கா என்று தலைநகரில் பார்ப்பதற்கு நிறையவே இருக்கும்; இருந்தாலும் ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் ஒன்றாவது குழந்தைகள் ஓடியாடக்கூடிய திறந்த வெளியாக இருக்கட்டும். அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வார விடுமுறை உண்டு. நாடாளுமன்றப் பார்வையாளர் அனுமதிக்கு முன்பதிவும் பாதுகாப்புச் சோதனையும் பொதுவாக இருக்கும். இவ்விரண்டையும் விசாரித்து எழுத்து மூலம் உறுதி செய்துகொண்ட பிறகே நாளைக் குறிக்க வேண்டும்.

ஆசிரியர்களில் ஒருவராவது முன்னதாக நேரில் சென்று பார்த்து வர வேண்டும். அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916-லேயே, காட்சிப் பொருள்களைப் பார்க்கக் குனிந்தும் வளைந்தும் பார்வையாளர்கள் படும் உடல் சோர்வைப் புகைப்படங்களோடு எழுதிக் காட்டினார். பெரியவர்களுக்கே அப்படியென்றால் எட்டு வயதுக் குழந்தையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடிப் பேழையின் முன் முழந்தாளிட்டுப் பாருங்கள்: உள்ளே இருக்கும் பொருள் தெரிகிறதா, விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுக் கூசுகிறதா, பெயர்ப் பலகை எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

வகுப்பில் செய்யும் முன்தயாரிப்பும் இதே அளவு முக்கியமானது. பழக்கமில்லாத இடத்தில் குழந்தையின் கவனம் முதலில் அந்தச் சூழலைப் பழகிக்கொள்வதிலேயே செலவாவதால் பாடம் கற்பது குறைகிறது என்று ஜான் ஃபால்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் காட்டினார்கள். எனவே பேருந்து எங்கே நிற்கும், கழிப்பறை எங்கே இருக்கிறது, எப்போது சாப்பிடுவோம் என்பதையெல்லாம் வரைபடத்தையும் படங்களையும் காட்டி முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரேயொரு பொருளை ஒப்படையுங்கள். பழைய நாணயம் ஒன்று கிடைத்த மாணவி அதன் முன் பத்து நிமிடம் நின்று வரைய வேண்டும். எந்தப் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது, விளிம்பு சீராக இருக்கிறதா, எழுத்துகளில் எவை அழிந்துபோயிருக்கின்றன என்று பார்த்து, தனக்குத் தோன்றிய கேள்வி ஒன்றையும் எழுதி வர வேண்டும்.

பாதுகாப்பில் சலுகையே கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஒவ்வாமை மற்றும் உடல்நலக் குறிப்புகள், எந்த மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விவரம், அவசரத் தொலைபேசி எண்கள் ஆகியவற்றின் நகல் ஒவ்வொரு பொறுப்பாசிரியரின் கையிலும் இருக்க வேண்டும். வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்து, குழந்தைகளை இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுத்து, பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், இடம் மாறும் ஒவ்வொரு முறையும், அந்த எண்களை அவர்கள் வாயாலேயே வரிசையாகச் சொல்ல வையுங்கள். தலைகளை எண்ணுவதில் கூட்டுத்தொகை தவறலாம், விடுபட்ட எண்ணோ யார் இல்லை என்பதை உடனே காட்டிவிடும். பயணத்தில் வாந்தி வரும் குழந்தைகளை முன் இருக்கைகளில் அமர்த்தி, புத்தகம் பார்க்காமல் தொலைவில் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதைப் பள்ளி மைதானத்தில் நடித்துப் பார்த்துப் பழக்குங்கள். பள்ளியின் எண் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். குழந்தையின் பெயர் அந்நியர் கண்ணில் படும்படி வெளியே தொங்க வேண்டாம்.

திரும்பி வந்தபின் பெற்றோர் கூட்டத்தில் செய்யும் பாராட்டுதான் இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உடன் வந்த பெரியவர்கள், அன்றே, தம் குழுவில் கண்டதைக் குழந்தைவாரியாக ஓரிரு வரிகள் குறித்துக்கொள்ள வேண்டும். 'சிறந்த மாணவர்' என்ற அச்சடித்த சொற்களுக்குப் பதிலாக, 'நாணயத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று வழிகாட்டியிடம் தயங்காமல் கேட்டார்', 'பேருந்தில் அழுத தோழனின் அருகில் சென்று அமர்ந்து பேச்சுக் கொடுத்தார்' என்று நடந்ததை அப்படியே சான்றிதழில் எழுதுங்கள். கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகளைவிட, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களே தோல்விக்குப் பிறகும் விடாமல் முயன்றார்கள். விளையாட்டிலும் ஓவியத்திலும் வாசிப்பிலும் ஆண்டு முழுவதும் பெற்ற வெற்றிகளையும் அதே மேடையில் சொல்லலாம். ஆனால் ஒரு குழந்தைகூட ஒரு வரியேனும் பெறாமல் வீடு திரும்பக் கூடாது.

இந்தப் பெற்றோர் கூட்டத்தைச் சுற்றுலா முடிந்த இரண்டு வாரங்களுக்குள் நடத்துங்கள். குழந்தைகள் வரைந்த படங்களைச் சுவரில் அவர்களின் கண் மட்டத்தில் ஒட்டி, ஒவ்வொருவரும் தம் பொருளைப் பற்றி இரண்டு நிமிடம் பேச இடம் கொடுங்கள். மேடையில் பேசத் தயங்குபவர் தம் படத்தின் அருகில் நின்று வருபவர்களுக்கு விளக்கட்டும். கூட்டம் முடிந்ததும் படங்களையும் சான்றிதழ் வரிகளின் நகலையும் ஒரே கோப்பில் சேர்த்து, அடுத்த ஆண்டு அந்த வகுப்பை ஏற்கப்போகும் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.