குஞ்சும் சேவலும் வாத்தும் ஒரே முற்றத்தில் மேயும்போது: இயற்கைத் தீவனம் தேர்ந்தெடுப்பது எப்படி

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிகளோடு ஒரு பெருவிடைச் சேவலும், கடக்நாத் என்கிற கருங்கோழி இரண்டும், ஒரு ஜோடி வாத்தும் திரிகின்றன. எந்த மாதம் பார்த்தாலும் ஏதாவது ஒரு தாய்க்கோழியின் பின்னால் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குக் கோழி வளர்க்கிற பலருக்கும் நிலைமை இதுதான். ஆனால் கடையில் இருக்கிற தீவன மூட்டைகளோ ஒரே வயது, ஒரே இனக் கோழிகளை அடைத்து வளர்க்கிற பண்ணைக்கென்று அரைக்கப்பட்டவை. குஞ்சுக்கு ஒன்று, வளரும் கோழிக்கு ஒன்று, முட்டைக் கோழிக்கு ஒன்று. இதில் எதை வாங்குவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: முட்டையிடுகிற கோழியை நினைத்து வாங்காதீர்கள், கூட்டத்திலேயே இளசு எதுவோ அதை நினைத்து வாங்குங்கள்.

காரணம் சுண்ணாம்புச் சத்து. முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வருடத்துக்கு 300 முட்டை இடுகிற வெள்ளை லெகார்ன் வகைக்கு அது தேவை. குஞ்சுக்கும் இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிக்கும் சேவலுக்கும் 1 சதவீதம் போதும். அதற்கு மேல் தொடர்ந்து தின்றால் வளர்கிற கோழியின் சிறுநீரகம் தாங்காது. உள்ளே யூரிக் அமிலம் படிந்து, வெளியே நோய் எதுவும் தெரியாமலே இளைத்துச் சாகும். நம்ம சிறுவிடை ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் அதற்கே 4 சதவீதம் அதிகம்.

அதனால் எல்லாருக்கும் பொதுவாக 16 முதல் 18 சதவீதம் புரதமும் 1 சதவீத அளவில் கால்சியமும் உள்ள ஒரு தீவனம். மூட்டையில் 'வளரும் கோழித் தீவனம்' என்று போட்டிருப்பது இதற்குக் கிட்டத்தில் வரும். முட்டைக் கோழிக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள். உடைத்த கிளிஞ்சல், அல்லது வறுத்து நொறுக்கிய முட்டை ஓடு. முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னும், சேவல் ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போய்விடும். சாயங்காலம் அடையப் போவதற்கு முன் அந்தச் சட்டியைக் கவனியுங்கள், முட்டைக்கு இருக்கிற கோழிகள்தான் அதைச் சுற்றி நிற்கும். ஓடு கட்டுவது ராத்திரியில். அதனால் அந்த நேரத்தில் சட்டி காலியாக இருக்கக் கூடாது.

இனி 'ஆர்கானிக்' என்ற பெயர். மூட்டையில் பச்சை இலை படமும் 'நாட்டுக்கோழித் தீவனம்', 'ஹெர்பல்', 'இயற்கை' என்ற எழுத்தும் இருந்தால் அது இயற்கைத் தீவனம் ஆகிவிடாது. மத்திய அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் 2001இல் வந்தது. அதன் கீழ் சான்று பெற்ற பொருளில் 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையும் சான்றளித்த அமைப்பின் பெயரும் சான்று எண்ணும் இருக்கும். இன்னொன்று பி.ஜி.எஸ். இந்தியா. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி கொடுக்கிற முறை இது. அதில் 'கிரீன்' என்று இருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள், 'ஆர்கானிக்' என்று இருந்தால்தான் முழுதாக மாறியது. நாம் வாங்குகிற கம்புக்கும் எள்ளுக்கும் இந்த இரண்டில் எது இருந்தாலும் எனக்குத் திருப்தி.

சான்று இல்லாத மூட்டையாக இருந்தால் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். நான் வழக்கமாகக் கேட்பது நாலு கேள்வி. வளர்ச்சிக்கென்று ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறதா? (கோலிஸ்டின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலப்பதை 2019இல் மத்திய அரசே தடை செய்துவிட்டது.) ரத்தக்கழிச்சலுக்கான மருந்து கலந்திருக்கிறதா? சோயாப் புண்ணாக்கு எங்கிருந்து வந்தது? எந்தத் தேதியில் அரைத்தது?

"ஏனுங்கண்ணா, இதுல மருந்து கலந்திருக்குதுங்களா?" என்று ஒரு கடையில் கேட்டேன். "அதெல்லாம் பாத்தா கோழி வளக்க முடியுமா அம்மிணி, எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க" என்றார். பதில் தெரியாத இடத்தில் நான் வாங்குவதில்லை. ரத்தக்கழிச்சல் மருந்து கலந்த குஞ்சுத் தீவனத்தைப் பெரிய கோழியும் கொத்தும், அந்த மருந்து நாம் தின்கிற முட்டைக்கு வந்து சேரும். வான்கோழி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோழிக்குப் பாதகமில்லாத சாலினோமைசின் என்ற ரத்தக்கழிச்சல் மருந்து வான்கோழிக்கு நஞ்சு. சோயாவைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது: 2021இல் வெளிநாட்டிலிருந்து மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய நம் நாட்டில் அனுமதி கொடுத்தார்கள். மரபணு மாற்றிய பயிர் இயற்கை வேளாண்மையில் சேராது.

பை நிறைய சான்று இருந்தாலும் பூஞ்சைக்கு அது தெரியாது. எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் இதுதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அப்போதுதான் வந்தது. வான்கோழியும் வாத்தும் அதற்குக் கோழியைவிட வேகமாகப் பலியாகும். அதனால் கூட்டத்தில் ஒரே ஒரு வாத்து இருந்தாலும் நிலக்கடலைப் புண்ணாக்கை நான் தீவனத்தில் சேர்ப்பதில்லை. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். வெயில் மேற்கொண்டு பூஞ்சை வளராமல் தடுக்கும், ஏற்கெனவே ஊறின நஞ்சை முழுதாக எடுக்காது. வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. மக்காச்சோளத்துக்கும் இதே பயம் உண்டு. ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள், இரண்டு மணியை நடுவில் உடைத்து முளைப்பகுதி கறுத்திருக்கிறதா பாருங்கள், பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது, வாங்காதீர்கள்.

எள்ளுப் புண்ணாக்கு எனக்குப் பிடித்தது. புரதம் மட்டும் இருந்தால் போதாது, இறகுக்கும் முட்டைக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வேண்டும். பண்ணைத் தீவனத்தில் அதைத் தொழிற்சாலையில் செய்து சேர்க்கிறார்கள். இயற்கை முறையில் அதை எள்ளிலிருந்தும் மீனிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். எள்ளில் குறைவாக இருக்கிற லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் சோயாவில் நிறைய இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும். சோயாவைப் பச்சையாகப் போடவே கூடாது, புரதத்தைச் செரிக்கவிடாத பொருள் அதில் இருக்கிறது. உள்ளே வேகும்படி நன்றாக வறுத்து அரையுங்கள்.

எங்கள் பக்கம் மலிவாகக் கிடைப்பது தேங்காய்ப் புண்ணாக்கு. புரதம் 20 சதவீதம்தான், நாரும் அதிகம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். வாங்குமுன் கந்தகம் போட்ட கொப்பரையா என்று செக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடும் வழக்கம் இருக்கிறது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு. கோழிக்கு வேண்டாம், அதிலுள்ள காசிபால் என்ற பொருள் மஞ்சள் கருவின் நிறத்தையே கெடுத்துவிடும்.

நான் பத்துக் கிலோவுக்குக் கலக்கிற கணக்கு இது: உடைத்த மக்காச்சோளம் மூன்றரைக் கிலோ, கம்பு இரண்டரை, தவிடு ஒன்று, எள்ளுப் புண்ணாக்கு ஒரு கிலோ 200 கிராம், வறுத்த சோயா 800 கிராம், உப்புப் போடாத மீன் தூள் அரைக் கிலோ, நிழலில் காயவைத்த முருங்கை இலைத் தூள் 300 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் 17, 18 சதவீதத்துக்கு வரும். மீன் தூளில் உப்பும் மணலும்தான் ஏமாற்றும். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள், ஒரு கரண்டியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி அடியில் மணல் தங்குகிறதா பாருங்கள். உப்புக் கருவாட்டுத் தூள் குஞ்சைக் கொன்றுவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்படுவதை அரைக்காதீர்கள். தவிட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். சிறுவிடை ஒன்று நாளைக்கு 70, 80 கிராம் தின்னும், வெளியே மேய்ந்தால் இன்னும் குறையும். அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரத்துக்கு ஒரு தடவை அரைப்பதுதான் நல்லது.

குஞ்சுக்கு முதல் இரண்டு மாதம் 20 சதவீதம் புரதம் வேண்டும், பொதுத் தீவனம் கொஞ்சம் போதாது. அதற்குக் கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையான பஞ்சாரம் கைகொடுக்கும். நாலு பக்கமும் செங்கல் வைத்து, மூன்று நான்கு விரல் இடைவெளி இருக்கும்படி பஞ்சாரத்தைத் தூக்கிக் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே ஒரு தட்டில் அதே தீவனத்தை நொய்யாகச் சலித்து, கூடவே கரையான். குஞ்சுகள் புகுந்து தின்னும், பெரியது தலையை நுழைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். கரையான் பிடிப்பது எங்கள் அத்தை சொல்லிக்கொடுத்தது. பழைய மண்பானையில் கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணி, நாலு மட்டை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடிகாலையில் பானை நிறைய இருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும். கினிக்கோழிக் குஞ்சுக்கும் வான்கோழிக் குஞ்சுக்கும் புரதம் இன்னும் அதிகம் தேவை, அவற்றுக்கு இந்தத் தட்டு இல்லாமல் முடியாது.

வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட நிறைய வேண்டும், குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். மீன் தூளைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், ஈஸ்ட் கிடைத்தால் அதையும் தூவலாம். தீவனத்துக்குப் பக்கத்திலேயே மூக்கு முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள்.

தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்லதுதான், காய்ந்த அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கீரையாகக் கொடுங்கள், தீவனத்தைக் குறைத்துவிட்டு அதைக் கொடுக்காதீர்கள். மஞ்சள் கரு சிவந்துவிட்டது என்பதை வைத்துத் தீவனம் நல்லது என்று முடிவு கட்டவும் வேண்டாம். பச்சையும் மக்காச்சோளமும் தின்றால் நிறம் வரும், அவ்வளவுதான்.

பழைய தீவனத்திலிருந்து மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். கால் பங்கில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். தூளாகவே வைத்தால் மக்காச்சோளத்தை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைச் சீய்த்துக் கொட்டும், அதனால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிவிடுங்கள். பிசறியதை அரைமணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மாற்றிய வாரத்தில் தினமும் காலையில் கூட்டுக்குள் எச்சத்தைப் பாருங்கள். கெட்டியாக, மேலே வெள்ளை படிந்திருந்தால் சரி. நீர்த்துப்போய், ரத்தம் கலந்து, அல்லது பச்சையாக இருந்தால் தீவனத்தை நிறுத்திவிட்டு, அதில் ஒரு பிடியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.