ஆம்பர், குந்திரிக்க பெர்ஃப்யூம் வாங்கப் போகிறீர்களா?
ஆம்பரும் குந்திரிக்கமும் (ஃபிராங்கின்சென்ஸ் என்ற வாசனைப் பிசின்) கலந்த பெர்ஃப்யூமைக் கடையில் தரும் காகிதப் பட்டையில் முகர்ந்து பார்த்து வாங்காதீர்கள். மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டு, தேய்க்காமல், கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்கலாம்.

அடித்தவுடன் தூக்கலாக வருவது குந்திரிக்கத்தின் எலுமிச்சை, பைன் மரச் சாயல்தான். அந்த லேசான எண்ணெய்கள் சீக்கிரமே ஆவியாகிவிடும். ஆம்பர் என்பது பெரும்பாலும் லாப்டனம் பிசின், சாம்பிராணி, வெனிலா சேர்ந்த கலவை; எல்லாமே கனமானவை, மெதுவாகத்தான் எழும்பும், உடல் சூட்டில் இனிப்பாக விரியும். சாயங்காலம் வரை உங்களோடு இருக்கப்போவது அதுதான். வெயில் நேரத்தில் அந்த இனிப்பு சிலருக்குத் திகட்டிவிடும், அதனால் பகலில் போட்டுப் பார்ப்பதே சரி.

எலுமிச்சை, ஆரஞ்சு மணமுள்ள கொலோனுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். அதன் அழகே முதல் அரை மணி நேரத்தில்தான். சென்ட் பட்டால் தோல் அரிப்பவர்கள் பருத்திக் கைக்குட்டையில் அடித்துப் பார்க்கலாம். ஆனால் துணியில் உடல் சூடு இல்லாததால் ஆம்பர் அவ்வளவாக விரியாது.