வெளிநாட்டுப் பயணத்துக்குக் கைப்பேசி ஏற்பாடு: எண் வேறு, இணையம் வேறு

விசாவுக்கும் பயணச்சீட்டுக்கும் மாதக்கணக்கில் அலைகிறவர்கள், கைப்பேசிக்கு என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் மீனம்பாக்கத்துக்குப் போகும் காரில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு, செயலியைத் திறந்ததும், வெளிநாட்டிலும் இந்திய எண்ணையே இயங்கவைக்கும் ரோமிங் பேக்குகளில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை வாங்குவதாகவே இருக்கும். சில பயணங்களுக்கு அதுவே சரியான முடிவாகவும் அமைந்துவிடலாம். ஆனால் ஒரு வாரம் முன்னதாக அரைமணி நேரம் ஒதுக்கினால், பாதிச் செலவில் இதைவிட நல்ல ஏற்பாட்டைச் செய்துகொள்ள முடியும்.

வெளிநாட்டில் கைப்பேசியிடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டு. நம் இந்திய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகள் தவறாமல் வந்து சேர வேண்டும். வழி பார்க்கவும் வண்டி பிடிக்கவும் வீட்டாரோடு வாட்ஸ்அப்பில் பேசவும் இணையம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே சிம்மில்தான் பெற வேண்டும் என்று நினைப்பதால்தான் ஒன்று அதிகச் செலவாகிறது, அல்லது ஓடிபி வராமல் கடைக்காரர் முன்னால் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க நேர்கிறது. இந்திய எண்ணை அதன் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இணையத்தை வேறு வழியில் வாங்கிக்கொள்வதே பெரும்பாலான பயணங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

முதலில் இந்திய எண்ணைப் பார்ப்போம். வங்கிப் பரிவர்த்தனைக்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். யுபிஐ செயலிகளும் பதிவு செய்த சிம் கைப்பேசியில் இருக்கிறதா என்று சரிபார்க்கக்கூடியவை. ஆகவே உள்ளூர் சிம்மைப் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸுக்குள் வைத்துவிடும் பழைய பழக்கம் இன்று உதவாது. ப்ரீபெய்டு எண்ணாக இருந்தால், ரீசார்ஜ் காலம் பயண நாட்களையும் தாண்டி ஒரு வாரமாவது மீதியிருக்கும்படி கிளம்புமுன்னரே பணம் கட்டிவிடுங்கள். திட்டம் காலாவதியான எண்ணுக்கு ஓடிபி வரும் என்று நம்பியிருக்க முடியாது. அடுத்து, சர்வதேச ரோமிங் வசதி உங்கள் எண்ணில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நாம் கேட்டுப் பெறாதவரை அது மூடியே இருக்கும். நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ அதைத் திறந்துகொள்வது இந்தியாவில் இருக்கும்போது ஐந்து நிமிட வேலை. வெளிநாட்டில் போய் இறங்கிய பிறகு, அதைத் திறக்க வேண்டிய ஓடிபியே அந்த எண்ணுக்குத்தான் வர வேண்டும் என்ற சிக்கலில் மாட்டிக்கொள்வோம். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திகளுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வரும் அழைப்பை எடுத்தால்தான் காசு. சில நிறுவனங்கள் ரோமிங்கைத் திறக்கவே ஏதாவது ஒரு பேக்கைப் போடச் சொல்லும். அப்படியானால் ஓடிபிக்காக மட்டும் இருக்கிற மிகச் சிறிய பேக் போதும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடலாம். தொடர்பு எண்களை எல்லாம் +91 சேர்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். பத்து இலக்கமாக மட்டும் இருக்கும் எண் வெளிநாட்டிலிருந்து அழைத்தால் போகாது. வங்கியின் 1800 என்று தொடங்கும் இலவச எண்ணும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. அட்டை தொலைந்தால் அழைப்பதற்கு வங்கிகள் வைத்திருக்கும் +91 எண்ணைத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவைப்பது நல்லது. அட்டையோடு சேர்ந்து கைப்பேசியும் தொலையலாம் அல்லவா.

அடுத்தது கருவி. டயல் திரையில் *#06# என்று அழுத்தினால் கருவியின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்கள் தோன்றும். கூடவே இஐடி என்ற நீண்ட எண்ணும் வந்தால், அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் இ-சிம்மை உங்கள் கைப்பேசி ஏற்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கைப்பேசியானால் இரண்டைக் கவனிக்க வேண்டும்: அது வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி அங்குள்ள நிறுவனத்தோடு பூட்டப்பட்டதாக இருக்கலாம், 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க ஐபோன்களில் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது.

வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது பழைய பட்டன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது; 2024இல் 3ஜியும் போய்விட்டது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024இல் மூடினார்கள். அந்த ஊர்களில் 4ஜியில் பேசும் வசதியான வோல்டி இல்லாத கருவி, கையிலிருக்கும் கடிகாரத்துக்குச் சமம். பெற்றோருக்கு ஒரு எளிய 4ஜி கைப்பேசியை வாங்கிக் கொடுத்து, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பழக்கிவிடுவது நல்லது.

இனி இணையத்துக்கு வருவோம். இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக், போகும் நாட்டின் சிம், பயண இ-சிம் என்று வழிகள் மூன்று. நான்கு நாட்களுக்குள் முடியும் அலுவலகப் பயணத்துக்கும், அதே எண்ணில் பேச வேண்டிய வியாபாரிகளுக்கும், அமைப்புகளை மாற்றத் தயங்கும் பெரியவர்களுக்கும் ரோமிங் பேக் ஏற்றது. நாட்கள் கூடக் கூட அது கட்டுப்படியாகாது. நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு நாளுக்கு ஒருவருக்கு 6,000 ரூபாய், நால்வர் குடும்பத்துக்கு 24,000 ரூபாய். பேக்கை வாங்குமுன், அது எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்ற பட்டியலையும், ‘ஒரு நாள்’ என்பது இந்திய நேரப்படி நள்ளிரவோடு முடிகிறதா, தொடங்கிய கணத்திலிருந்து 24 மணி நேரமா என்பதையும் படித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலை நான் படித்திருந்தும் ஒருமுறை ஏமாந்தேன். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பகுதியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, சிங்கப்பூருக்கு மட்டுமான பேக் என்னிடம் இருந்தது. வடக்குப் பக்கச் சன்னல் விளிம்பில் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால், மலேசியாவுக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி ஒன்று காத்திருக்கிறது. சன்னலுக்கு வெளியே நீரிணை, அதற்கு அந்தப் பக்கம் ஜோகூர் பாரு. இரவில் கைப்பேசி அங்குள்ள கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, அன்று எடுத்த படங்களை எல்லாம் பொறுமையாக இணையத்திலுள்ள என் மேகக் (கிளவுட்) கணக்கில் ஏற்றியிருக்கிறது. போஸ்ட்பெய்டு எண் என்பதால் தடுப்பாரும் இல்லை. மாதக் கடைசியில் வந்த பில்லைப் பார்த்து வீட்டில் நான் வாங்கிய பேச்சைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லையோரம் தங்குகிறவர்கள் அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, தங்கள் பேக்குக்கு உரிய நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். ப்ரீபெய்டு எண்ணில் இருக்கும் தொகையோடு இழப்பு முடிந்துவிடும் என்பதால், பயணத்துக்கு அதுவே பாதுகாப்பு.

உள்ளூர் சிம் நீண்ட தங்கலுக்கும், அந்த நாட்டு எண்ணே தேவைப்படும் வேலைகளுக்கும் உகந்தது. சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஆகியவையும், மலேசியாவில் மேக்சிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல் ஆகியவையும், இலங்கையில் டயலாக், மொபிடெல், ஹட்ச் ஆகியவையும் சிம் விற்கின்றன. கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் வாங்க முடியும். விமான நிலையத்துக் கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் திட்டத்தைவிட ஊருக்குள் இருக்கும் கடையில் மலிவான திட்டம் கிடைப்பதுண்டு, ஆனால் இரவு விமானத்தில் குழந்தைகளோடு இறங்குகிறவர் அந்தச் சிறிய விலை வித்தியாசத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கடையை விட்டு நகருமுன் இணையம் வேலை செய்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். புது சிம்மைப் போட்டதும் எண்ணை மாற்ற வேண்டுமா என்று வாட்ஸ்அப் கேட்டால், வேண்டாம் என்று சொல்லி இந்திய எண்ணிலேயே தொடருங்கள்.

ஐரோப்பாவில் உறவினர் வீடுகளைச் சுற்றிவரும் நம்மவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் வாங்கிய சிம், 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள விதியின்படி, ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றிலும், நியாயமான அளவுக்குள் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி வேலை செய்யும். ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனும் இல்லை. லண்டனில் தம்பி வீடு, பாரிஸில் லா சப்பல் பக்கம் சித்தி வீடு, சூரிக்கில் நண்பர் வீடு என்று போகிறவருக்கு, பாரிஸில் வாங்கிய சிம் சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள பாஸல் நிலையம் வந்ததும் கட்டணம் கேட்கத் தொடங்கலாம். இந்த மூன்று நாடுகளின் பெயரும் பட்டியலில் இருக்கும் ஒரே இ-சிம்மை வாங்குவதே அப்படிப்பட்ட பயணத்துக்குத் தீர்வு.

பயண இ-சிம்மைத்தான் நான் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். இணையத்தில் பணம் கட்டியதும் க்யூஆர் குறியீடு மின்னஞ்சலில் வருகிறது. இந்திய சிம் தன் இடத்திலேயே இருக்க, இது இரண்டாவது இணைப்பாகச் சேர்ந்துகொள்கிறது. சிக்கல் எல்லாம் நிறுவும் கட்டத்தில்தான். குறியீடு வந்திருக்கும் கைப்பேசியாலேயே அதைப் படமெடுக்க முடியாது என்பதால், அதை வேறொரு திரையில் திறந்துவைக்கவோ அச்செடுக்கவோ வேண்டியிருக்கலாம். நிறுவுவதற்கு இணையமும் தேவை. ஆகவே வீட்டு வைஃபையில் முதல் நாளே முடித்துவிடுங்கள். அதற்குமுன், காலக்கெடு நிறுவிய நேரத்திலிருந்து ஓடுகிறதா, வெளிநாட்டு நெட்வொர்க்கில் முதலில் இணையும்போது தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவிய இ-சிம்மை இடையில் நீக்கிவிட்டால் பெரும்பாலும் அதே குறியீட்டைக் கொண்டு மறுபடி நிறுவ முடியாது. இவற்றில் பல வெறும் டேட்டா மட்டும் தருபவை, தொலைபேசி எண் கிடையாது; விடுதிக்கோ வாடகை வண்டிக்காரருக்கோ சாதாரண அழைப்புச் செய்ய வேண்டியவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

பலரைக் குழப்புவது ஒன்று உண்டு: பயண இ-சிம்மே பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் இணைப்புதான் என்பதால், அந்த இணைப்புக்கு டேட்டா ரோமிங்கைத் திறந்தே வைக்க வேண்டும். இந்திய சிம்முக்கு மூட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மூடிவிட்டு, இ-சிம் வேலை செய்யவில்லை என்று திட்டித் தீர்த்தவர்கள் என் வீட்டிலேயே இருவர்.

நாட்டுக்கு நாடு சில தனிக் குணங்களும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ளூர் இணையத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே அனுமதிக்கப்பட்ட போடிம் போன்ற செயலியைக் கிளம்புமுன் இரு தரப்பிலும் நிறுவிக்கொள்ள வேண்டும். சீனாவில் உள்ளூர் சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. ரோமிங்கில் இணையப் போக்குவரத்து பொதுவாகச் சொந்த நிறுவனத்தின் வழியாகவே திரும்பி வருவதால், இந்திய எண்ணின் ரோமிங் பேக்கில் அவை வேலை செய்யும். கூடுதல் காசு கொடுத்து ரோமிங் எடுப்பதற்குச் சீனா ஒரு நல்ல காரணம். ஜப்பானில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டுமே. குடும்பமாகப் போனால் விமான நிலையத்தில் பாக்கெட் வைஃபை கருவியை வாடகைக்கு எடுத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அதை வைத்திருப்பவர் கடைக்குள் புகுந்துவிட்டால் மற்றவர்களுக்கு வழி தெரியாது.

எவ்வளவு டேட்டா வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரம் குரலில் பேசினால் சில பத்து எம்பி, முகம் பார்த்துப் பேசினால் சில நூறு எம்பி, தெளிவான படம் பார்த்தால் ஒரு ஜிபிக்கு மேல். நகர வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி, படங்களின் தானியங்கிக் காப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால், ஒருவருக்கு நாளுக்கு ஒரு ஜிபி தாராளம். ‘வரம்பற்றது’ என்று விற்கும் திட்டங்களில் குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பது வழக்கம். ஹாட்ஸ்பாட் பகிர்வுக்குத் தடை உண்டா என்றும் பாருங்கள்.

விமானத்தில் ஏறியதும் விமானப் பயன்முறையைப் போட்டுவிட வேண்டும். விமானத்திலும் கப்பலிலும் இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க்குகளைக் கைப்பேசி பிடித்துக்கொண்டால் கட்டணம் மிக அதிகம், சாதாரண ரோமிங் பேக்குகள் அவற்றுக்குச் செல்வதும் அரிது. இறங்கிய பிறகு விமானப் பயன்முறையை எடுக்குமுன்னரே டேட்டாவுக்குப் புதிய இணைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் சிக்னல் இல்லாதபோது மற்றதற்குத் தானாக மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: ஐமெசேஜ், ஃபேஸ்டைம் ஆகியவற்றைப் புதிதாக இயக்கும்போது கைப்பேசி தானே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பும், ரோமிங்கில் அதற்குக் காசு போகும், அந்த அமைப்புகளைப் பயணத்தில் தொடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் டேட்டாவை இந்திய சிம்முக்கு மாற்றிவிட்டு, சர்வதேச ரோமிங்கை மூடச் சொல்லுங்கள். இ-சிம்மை உடனே நீக்க வேண்டாம், அணைத்து மட்டும் வையுங்கள். சில நிறுவனங்களில் அடுத்த பயணத்துக்கு அதிலேயே பணம் போட்டுக்கொள்ளலாம்.